ஆடுகின்ற சுக்கான்

பழைய மோட்டார் வண்டியில் ஏறி அமர்ந்து சுக்கான் சக்கரத்தைப் பற்றியதும் அது மேலும் கீழும் தளர்ந்து ஆடினால், "கிழட்டு வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அமைதி கொள்வோர் நம்மிற் பலர். அவ்வமைதி நன்றன்று என்பதையே இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வன்னி மக்களுக்குப் பழைய வண்டிகள் புதியனவல்ல. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் வீதியிற் கண்ட கார்களுட் பல மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற ஆங்கிலேயக் கிழவர்களே. கார்பரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த இயந்திரங்களாதலின் அவை அதையும் பொறுத்துக்கொண்டன. பின்னே எழுந்த வெண்புகையையும் நாற்றத்தையும் அனுபவித்தவர் மறவார். உதிரிப்பாகமோ எளிதிற் கிட்டவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், அதே 1990-களில், மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முற்பட்டிருந்தார்!

1948 ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் வெளிவந்த மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சுக்கானைத் திருப்பினால், தண்டின் அடியிலுள்ள சிறு பற்சில்லு ஒரு பற்சட்டத்தை இடமும் வலமும் தள்ளும், முன்சில்லுகள் திரும்பும். இந்த எளிய ஏற்பாட்டினாலேயே அவ்வண்டி கைக்கு இலேசாக இருந்தது. தண்டின் மேல்முனை ஒரு குழாயினுள் சுழல்கிறது. அங்கே அதைத் தாங்குவது எஃகுக் குண்டுகள் அல்ல. அழுத்திய கம்பளியாலான ஒரு சிறு வளையம், எண்ணெயில் ஊறியது. மாட்டுவண்டியின் இருசுக்கு வண்டி மை இடுகிறோமன்றோ, அதைப் போன்றதே. எண்ணெய் வற்றி, வன்னியின் செம்புழுதி புகுந்துவிட்டால் கம்பளி தேய்ந்து உதிரும். தண்டு குழாயில் முட்டிக் கடகடக்கும்.

வளையம் தேய்ந்ததனால் மட்டும் சில்லு கழன்று ஓடாது. பின் ஏன் அஞ்சவேண்டும்? மேலே உண்டாகும் ஓசை, கீழே உண்டாகும் ஓசையை மறைத்துவிடும். பந்து மூட்டு தேய்ந்தாலும், பற்சட்டம் தளர்ந்தாலும், "அந்தப் பழைய கடகடப்புத்தான்" என்று சாரதி இருந்துவிடுவார். உயிருக்கு உலை வைப்பது அதுவே. ஏ-9 வீதி இன்று வழுவழுப்பாக இருக்கின்றது, வேகமும் கூடியுள்ளது.

ஆகவே முதலிற் சோதனை. வண்டியை நிறுத்திச் சக்கரத்தைத் திருப்பாமல் மேலும் கீழுமாக அசையுங்கள். அசைவு இருந்தால் வளையத்தையே முதலில் ஐயுறவேண்டும். பின்னர் ஒருவர் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றவர் முன்சில்லைக் கவனிக்கட்டும். சக்கரம் திரும்பியும் சில்லு சும்மா இருந்தால் குறை கீழே உள்ளது. அவ்வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

வளையம் மாற்றுவது அரைநாள் வேலைதான். பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். நடுவில் ஹோர்ன் பொத்தான் இருக்குமாயின் அதை எடுத்து, உள்ளிருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரமும் தண்டும் சேர்ந்திருந்த இடத்திற் சுண்ணக்கோடு இட மறவாதீர்கள்; இல்லையேல் நேரே ஓடும்போது சக்கரம் கோணி நிற்கும். சக்கரம் இறுகியிருந்தால் நட்டை முனையில் இரண்டு புரி விட்டு, இரு கையாலும் மாறி மாறி இழுங்கள். நட்டை முழுவதும் கழற்றிவிட்டு இழுப்பவர் முகத்தில் அடிவாங்குவார். சுத்தியலால் தண்டை அடிப்பது பெருந்தவறு. பழைய கம்பளியை வளைந்த கம்பியால் வெளியே எடுத்து, குழாயைத் துடைத்து, எண்ணெயில் ஊறவைத்த புதிய வளையத்தை மெல்ல அழுத்தி இறக்குங்கள்.

புதிய வளையம் கிடைக்கவில்லையெனில் கடைசல் பட்டறையில் நைலோனில் ஒன்று கடையச் சொல்லலாம். ஆயின் அளவு இறுகிவிடாமற் பார்க்கவேண்டும். திருப்பிய சுக்கான் தானாக மீளாமற் போனால், தளர்ந்திருந்ததைவிடக் கேடு.

சக்கரத்தைப் பூட்டியபின் உடனே வீதிக்கு எடுக்காதீர்கள். தண்டின் அடிமுனையைப் பற்சில்லுடன் பிணைக்கும் போல்ற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, முற்றத்திலேயே இருபுறமும் முழுதாகத் திருப்பிய பிறகு படலையைத் திறவுங்கள்.