100 கொடுத்து 75 வாங்கும் மின்சார நிலையம்!

கோவை மாவட்டம், ஆனைமலை.

அங்கே மலையைக் குடைந்து, பூமிக்கு அடியில் ஒரு மின்சார நிலையம் கட்டியிருக்கிறார்கள். பெயர் காடம்பாறை.

மற்ற நிலையங்கள் மின்சாரம் கொடுக்கும். இதுவோ, மின்சாரத்தைச் சாப்பிடவும் செய்யும்!

எப்படி?

மேலே காடம்பாறை அணை. கீழே மேல் ஆழியாறு அணை. (பெயர்தான் "மேல்". இருப்பது கீழே!) மின்சாரம் தேவைப்படும்போது மேலே உள்ள தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அது பாய்ந்து வந்து எந்திரங்களைச் சுழற்றும். மொத்தம் 4 எந்திரங்கள். ஒவ்வொன்றும் 100 மெகாவாட். 1987 முதல் 1989-க்குள் அவை ஓடத் தொடங்கின.

மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே எந்திரங்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கீழே போன தண்ணீரை மறுபடியும் மலைமேல் ஏற்றிவிடும்.

ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவு ஆனால், இறக்கும்போது திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய 75 யூனிட். நல்ல புதிய நிலையம் என்றால் 80. குழாயில் தண்ணீர் உரசுவதிலும், எந்திரம் சூடாவதிலும் மீதி போய்விடுகிறது.

நஷ்டமா?

நிலக்கரியை எரிக்கும் அனல் மின்சார நிலையத்தைப் பாருங்கள். நிலக்கரியில் உள்ள சக்தியில் 100-க்கு 33 முதல் 40 பங்குதான் மின்சாரம் ஆகிறது. மீதி வெறும் வெப்பமாகப் போய்விடும். அணு மின்சார நிலையமும் 33 பங்குதான். சாதாரண நீர் மின்சாரத்தில் 90 பங்கு கிடைக்கும்.

"அப்படியானால் அனல் நிலையத்தைவிடக் காடம்பாறை இரு மடங்கு மேல்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நெல் விளையும் வயலையும், நெல்லைப் போட்டு வைக்கும் குதிரையும் ஒப்பிட முடியுமா? காடம்பாறை ஒரு குதிர். 25 பங்கு, எலி தின்றது!

அந்தக் குதிரில் எதைப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. 100 பங்கு நிலக்கரியிலிருந்து 35 பங்கு மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு தண்ணீர் ஏற்றினால், கடைசியில் மிஞ்சுவது 26 பங்குதான்.

காற்றும் வெயிலும் அப்படி அல்ல. ஆடிக் காற்றில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகின்றன. நண்பகலில் சூரிய மின்சாரம் குவிகிறது. வாங்க ஆள் இல்லை என்றால் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். அப்போது 100-ம் வீண்! குதிரில் போட்டால் 75-ஆவது தேறும்.

மாலையில் வெயில் போய்விடும். வீடுதோறும் விளக்கு, விசிறி, டெலிவிஷன். அந்த நேரத்து மின்சாரத்தை வெளியே வாங்கினால் விலை அதிகம். குளிர்ந்து கிடக்கும் அனல் நிலையத்தைக் கிளப்பப் பல மணி நேரம் ஆகும். தண்ணீர் எந்திரமோ சில நிமிடங்களில் ஓடும்.

பேட்டரி 85 பங்குக்கு மேல் திருப்பித் தரும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். காடம்பாறைக்கு வயது 35-க்கு மேல்.

நீலகிரியில் குந்தாவிலும் இதே முறையில் 500 மெகாவாட் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அங்கே மேல் குதிர் போர்த்திமந்து அணை. கீழே அவலாஞ்சி–எமரால்டு அணைகள்.