தராசு பிடிப்போர்

“வழக்குத் தொடுநர் சீர்திருத்தவாதியல்லர். பெண்ணுரிமை பேசுவது மேடைக்காரரின் வேலை. முன்வந்த சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பதே எமது தொழில்.” சட்டத்துறைக் கனவான்கள் இவ்வாறு கூறுவர். கேட்பதற்கு நடுநிலைமை போலவே இருக்கின்றது. ஆயின் தராசு பிடிப்பவர் எந்தப் படிக்கல்லை இடுகின்றார் என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் குடியேற்ற ஆட்சி தந்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதன் 363ஆம் பிரிவைத் திருத்தி எழுதிற்று. நீதிமன்றத்தாற் பிரிக்கப்படாத மனைவியின் சம்மதத்தை அத்திருத்தமும் பொருட்படுத்தவில்லை, அது பெருங்குறை. எனினும் ஒன்றை அது தெளிவாகச் சொன்னது: சம்மதமின்மையை நிலைநாட்டுவதற்கு, உடலிற் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இன்றியமையாதன அல்ல. கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இருந்தும் ‘காயம் எங்கே? கூக்குரல் எங்கே? ஏன் அன்றே முறையிடவில்லை?’ என்னும் கேள்விகள் பொலிஸ் நிலையத்திற் பிறந்து, கோவையோடு கொழும்புக்குச் சென்று, மேல் நீதிமன்றத்திலும் உயிரோடு எழுந்து நிற்கின்றன. சட்டம் தூக்கியெறிந்த படிக்கல்லை மீண்டும் எடுத்து இடுவதற்குப் பெயர் நடுநிலைமையா?

(‘கற்பழிப்பு’ என்ற சொல்லையே பாருங்கள். குற்றம் செய்தவன் ஆண். அழிந்ததோ பெண்ணின் கற்பாம்! இச்சொல்லை இன்னும் விடாத பத்திரிகைகளை நம் ஆசிரியர்கள் வகுப்பறையிற் கண்டித்தால் நன்று.)

நீதிமன்றத்தினுள்ளே நடப்பது இன்னும் கொடிது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், தன் 155ஆம் பிரிவில், வல்லுறவுக்கு ஆளானவள் பொதுவாக ஒழுக்கங் கெட்டவள் என்று காட்ட எதிரிக்கு இடமளித்தது. இதே வாசகம் இந்தியச் சட்டத்திலும் இருந்தது. அவர்கள் 2003இல் அதனை நீக்கினார்கள். ஆனால் அதே கட்டளைச் சட்டத்தின் 151ஆம், 152ஆம் பிரிவுகளை ஏன் எவரும் நினைவுகூர்வதில்லை? ஆபாசமான கேள்விகளை நீதிமன்றம் தடுக்கலாம். அவமதிக்கும் நோக்கமுடைய கேள்விகளைத் தடுத்தேயாக வேண்டும். எதிரியின் சட்டத்தரணி ஒரு பெண்ணின் பழைய காதலையும் உடையையும் நடுமன்றில் அலசும்போது, எழுந்து ஆட்சேபிக்க வேண்டியவர் வழக்குத் தொடுநர். அவர் எழுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாற் போதும்.

தண்டனையிலும் இதே கதைதான். சிறுமியர் தொடர்பான வல்லுறவுக்கு 1995இன் சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டமாட்டாது என 2008இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒத்த வயதுக் காதலர் விடயத்தில் அதில் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே வாயிலால், சிறுமியின் நம்பிக்கைக்குரிய வளர்ந்த மனிதன் ஒருவன் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வீடு திரும்புவானாயின்? போதாத தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் அதிகாரம் சட்டமா அதிபரிடமே உள்ளது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதும் ஒரு தீர்மானமே.

சமத்துவம் பெரிய சொல். 1981இல், பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்று, அச்சொல்லின்கீழ் நாடு ஒப்பமிட்டது. மலையகத்திற் கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு அதன் பொருள் என்ன? தவணைக்குத் தவணை ஒருநாட் கூலியை இழந்து பஸ் ஏறுகின்றாள். நீதிமன்ற வாயிலில் எதிரியின் உறவினர் சமாதானம் பேச நிற்கின்றார்கள். அடித்த கணவனோடு ‘அனுசரித்துப் போ’ என்று அனுப்பிவைத்த பொலிஸாரே நீதவான் நீதிமன்றத்தில் வழக்கை நடத்தவும் வருகின்றார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புக் கட்டளை பெறும் வழியைத் திறந்தது. ஆனால் அடித்தது தண்டனைச் சட்டக்கோவையின்படி எப்போதுமே குற்றம் என்பதை அவளிடம் யார் சொன்னார்கள்?

மேடைப்பேச்சை வழக்குத் தொடுநரிடம் நாம் கேட்கவில்லை. ஒரு கோவை மூடப்பட்டால் அதற்கான காரணம் அவளுக்கு எழுத்தில் வரட்டும், அவள் வாசிக்கும் மொழியில். சாட்சிக்கூண்டில் ஏறுமுன், தன் பக்கத்தில் வாதாடப்போகும் அரச சட்டத்தரணியின் முகத்தை அவள் ஒருமுறையேனும் பார்த்திருக்கட்டும்.