கடைசி இரவில் நிரப்பும் படிவம்



ஏ.எல். ரிசல்ட் வந்தால் நமது ஊரில் முதலில் வேலை கிடைப்பது பெனர் அடிக்கும் கடைக்குத்தான். மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படம் சந்தியில் ஏறும். வாழ்த்துத் தெரிவிக்கும் பெரிய மனிதர்களின் படம் அதைவிடப் பெரிதாக ஏறும். பாடசாலையில் கூட்டம், ரியூஷன் வகுப்பில் கேக், பள்ளியில் அறிவிப்பு. சந்தோஷப்பட வேண்டிய விடயம்தான். ஆசிரியர்கள் நாங்களும் அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆனால் அந்த பெனரைக் கழற்ற முன்னமே பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்து, சில கிழமைகளில் மூடியும் விடுகிறது. பதின்மூன்று வருடம் படித்து எடுத்த புள்ளியை அந்தச் சில கிழமைக்குள் தொலைத்துவிட்டு வருகின்ற பிள்ளைகளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அவர்களுக்கு பெனர் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம். அந்தக் கோபத்தில் பாதி எங்கள் மீதே.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் உயிரியல் பிரிவில் படித்த ஒரு மகன். மூன்றாவது தடவை எழுதினான். அதற்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் போக வழியில்லை. மெடிசினுக்குப் புள்ளி போதாது என்பது ரிசல்ட் வந்த அன்றே தெரிந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு, கம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று, கடைக்காரத் தம்பி கேட்கக் கேட்கச் சொல்லி நிரப்பினான். மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம். அவ்வளவும்தான். "வேற ஏதும் போடவா?" என்று அந்தத் தம்பி கேட்டானாம். "வேற என்ன இருக்கு?" என்று இவன் கேட்டானாம். பின்னால் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.

வெட்டுப்புள்ளி வந்த பிறகு அவனை உட்கார வைத்துப் பட்டியலைப் பார்த்தோம். அவனுடைய இஸட் ஸ்கோருக்கு நமது மாவட்டத்திலிருந்து போகக்கூடிய பாடநெறிகள் ஒன்றிரண்டல்ல. விவசாயம் இருந்தது. பிரயோக விஞ்ஞானம் இருந்தது. அவன் கேள்விப்பட்டே இராத பெயர்களும் இருந்தன. ஒன்றையும் போடவில்லை. அன்று அவன் அழவில்லை. "பரவால்ல சேர்" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். ஹலாலான உழைப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அவன் தெரிவு செய்த வழியல்ல. நமது அலட்சியம் அவனுக்குத் தெரிவு செய்து கொடுத்தது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாட்டில் வருடாவருடம் 150,000க்கும் அதிகமான பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் போகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வாசல் நமது பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. அந்த வாசலைத் தட்டாமலே திரும்பி வந்துவிட்டு, அநியாயம் நடக்கிறது என்று முகநூலில் எழுதுகிறோம்.

விருப்பத்தெரிவைப் பற்றி ஊரில் உலாவும் கதைகள் அதைவிட மோசம். "முதலாவதாக எட்டாததைப் போட்டால் இரண்டாவதும் போய்விடும்" என்று ஒரு கதை. இது தவறு. நீங்கள் எழுதிய ஒழுங்கில் மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளிக்கு எது முதலில் பொருந்துகிறதோ அதைத் தருகிறார்கள். முதலாவது கிடைக்காததற்காக இரண்டாவதில் உங்கள் புள்ளியை ஒருவரும் குறைப்பதில்லை. ஆகவே உண்மையில் எது விருப்பமோ அதே ஒழுங்கில் போடுங்கள். அதோடு பட்டியலை நீளமாகப் போடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாடநெறிகள் இருக்கும் நாட்டில் மூன்றே மூன்று யூனி கோட்டோடு திரும்பி வருவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடுக்க வேண்டும் என்று குத்பாவில் கேட்காத வருடமே இல்லை. இங்கே கட்டுகின்ற கயிறு அந்தப் படிவம்.

விருப்பமே இல்லாததைப் போடுங்கள் என்று சொல்லவில்லை. ஓரிடத்தில் பதிந்துவிட்டால் அடுத்த தடவை மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே இது யோசித்துச் செய்யும் வேலை. யோசிக்க நாள் வேண்டும். கடைசி இரவில் கடை வாசலில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது.

"முதல் நாளே போட்டால் கூடுதல் புள்ளி கிடைக்குமா சேர்?" என்று ஒரு வாப்பா கேட்டார். இல்லை, அரைப் புள்ளியும் கிடைக்காது. முந்திப் போடச் சொல்வதற்குக் காரணம் வேறு. பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும்.

நமது பிள்ளைகளின் பெயரையே எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் முகம்மது. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் மொஹமட். பரீட்சை அட்டையில் வெறும் எம். என்ற முதலெழுத்து. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் இல்லவே இல்லை. ஒரே பிள்ளை, மூன்று ஆள். பிரதேச செயலகத்துக்குப் போய் இதைத் திருத்த எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அலைந்தவருக்குத் தெரியும். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கண்டுபிடித்தால் என்ன செய்வது? பன்னிரண்டாம் வகுப்பில் கண்டுபிடித்திருந்தால் ஆறுதலாகத் திருத்தியிருக்கலாம்.

இன்னொன்று, மின்னஞ்சல். விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று கடைக்காரத் தம்பியே ஒன்றைத் திறந்து கொடுக்கிறார். கடவுச்சொல் அவருடைய கொப்பியில் கிடக்கிறது. தெரிவாகிவிட்டது, இத்தனையாம் திகதிக்குள் பதிவு செய் என்று கடிதம் வரும்போது அதைப் பார்க்க ஆளில்லை. குறித்த நாளுக்குள் பதியாவிட்டால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். கணிதப் பிரிவில் ஒரு மகள். கொப்பியின் ஓரமெல்லாம் வீடும் பாலமும் வரைவாள். மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குரிய யூனி கோட்டை விண்ணப்பத்தில் முதலாவதாகப் போட்டாள். கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சை ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திகதியும் தனி. பரீட்சையில் சித்தியடையாமல் மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் கோட் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. அவள் எங்களிடம் வந்து கேட்ட அன்று அந்தத் திகதி முடிந்து ஒன்பது நாள்.

அந்த விளம்பரம் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை எங்கள் ஆசிரியர் அறை மேசையிலும் கிடந்தது. நாங்கள் அதில் இடமாற்றச் செய்தியைத்தான் தேடினோம். கட்டடக்கலைக்கு மட்டுமல்ல, வடிவமைப்பு, மொழிபெயர்ப்புக் கற்கை, விளையாட்டு விஞ்ஞானம் போன்றவற்றுக்கும் இப்படித் தனி விண்ணப்பம் இருக்கிறது. இதை அறிந்து சொல்வது அந்தப் பிள்ளையின் உம்மாவின் வேலையா? அவர் ஓ.எல்.லோடு நின்றவர். அது எங்கள் வேலை. நாங்கள் செய்யவில்லை. அந்த மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னிப்பு அவளை மொறட்டுவைக்கு அனுப்பவில்லை.

அடுத்து, பலருக்குக் கசக்கும் விடயம். "பொம்புளப் புள்ளய அவ்வளவு தூரத்துக்கு எப்படி அனுப்புற சேர்? ஒலுவில மட்டும் போடச் சொல்லுங்க" என்கிறார்கள் வாப்பாமார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமது பெருமை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. அது இல்லாவிட்டால் இன்று பட்டதாரிகளாக இருக்கும் நமது பெண் பிள்ளைகளில் பலர் வீட்டோடு நின்றிருப்பார்கள். ஆனால் அது ஒரு வாசலாகக் கட்டப்பட்டது. அதை நாம் மதிலாக்கிவிட்டோம். அங்கே மருத்துவ பீடம் இல்லை. சட்ட பீடம் இல்லை. யூனானி படிக்க வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், றுஹுணு என்று புள்ளி இருந்தும் பட்டியலில் போடாமல் விட்ட மகள்மாரை எங்களால் வகுப்பு வாரியாகச் சொல்ல முடியும்.

பயம் பொய்யல்ல. பகிடிவதை இருக்கிறது. 1998இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தும் முற்றாக ஒழியவில்லை. 2019க்குப் பிறகு அபாயாவோடு பஸ்ஸில் ஏறும் பிள்ளை எப்படிப்பட்ட பார்வைகளைக் கடந்து போனது என்பதும் தெரியும். ஆனால் அந்த வளாகங்களில் நமது பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். முஸ்லிம் மஜ்லிஸ் இருக்கிறது. தொழ இடம் இருக்கிறது. போய்ப் படித்து முடித்து வந்த தாத்தாமார் நமது தெருவிலேயே இருக்கிறார்கள். பட்டியல் போட முன் அவர்களில் ஒருவரிடமாவது போய்க் கேட்டோமா?

மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோகும்போது "லேடி டொக்டர் இல்லையா?" என்று கேட்கிறோம். இருப்பார். வேறு யாரோ ஒரு வாப்பா தன் மகளைத் தூர இடத்துக்கு அனுப்பத் துணிந்ததால் இருப்பார். அந்தத் துணிவு நமக்கு வேண்டாம், அதன் பலன் மட்டும் வேண்டுமா?

இடம் தவறிய பிறகு என்ன நடக்கிறது என்பதும் தெரிந்த கதைதான். காணியை ஈடு வைத்து, இலட்சக்கணக்கில் கட்டித் தனியார் நிறுவனத்தில் சேர்க்கிறோம். இலவசமாகக் கிடைக்கவிருந்ததை விலைக்கு வாங்குகிறோம். அதுவும் வசதி உள்ளவர்கள். இல்லாதவரின் பிள்ளை கட்டாருக்குப் போகிறது.

ஆகவே சொல்லிவிட்டு நிறுத்தாமல் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறோம்.

ஒன்று, பாடசாலைகள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெயர் பொருந்தாவிட்டால் அன்றே பெற்றோரை அழைப்போம்.

இரண்டு, பரீட்சை முடிந்து ரிசல்ட் வரப் பல மாதம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளை வீட்டில் ஃபோனோடு இருக்கிறது. அப்போது கையேட்டை வாசிக்க வைப்போம். போன வருட வெட்டுப்புள்ளி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதை வைத்து ஒரு மாதிரிப் பட்டியல் எழுத வைப்போம். ரிசல்ட் வந்ததும் திருத்தினால் போதும். உளச்சார்புப் பரீட்சைகளின் திகதிகளை அறிவித்தல் பலகையில் ஒட்ட ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குவோம்.

மூன்று, பள்ளி நிர்வாகங்கள். விண்ணப்பம் திறந்த முதல் ஜும்ஆவில் ஒரு நிமிட அறிவிப்பு. இரண்டு கணினி, ஒரு பிரின்டர். பெனர் செலவில் கால்வாசி போதும்.

நான்கு, கெம்பஸில் படிக்கும் நமது தம்பி தங்கைமார். வருடத்தில் ஒரு சனி, ஞாயிறு ஊருக்கு வந்து உட்காருங்கள். உங்கள் வாயால் கேட்டால் பிள்ளைகள் நம்புவார்கள்.

ஐந்து, பெற்றோர். மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் பிள்ளையின் கையில் வையுங்கள். பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை ஏன் என்று கேளுங்கள்.

"இதையெல்லாம் சொல்ல ஆசிரியர்களுக்கு இவ்வளவு காலம் எடுத்ததா?" என்று கேட்பவர்கள் கேளுங்கள். நியாயமான கேள்வி. அந்த வரைகின்ற மகளின் முகம் எங்களையும் அப்படித்தான் கேட்டது.

அடுத்த ரிசல்ட் வரும்போதும் சந்தியில் பெனர் ஏறும். ஏறட்டும். ஆனால் அன்று மாலைக்குள் எங்கள் பாடசாலையில் ஏ.எல். எழுதிய ஒவ்வொரு பிள்ளையிடமும் எழுதி வைத்த பட்டியல் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பார்க்கத் தவறினால் இந்தப் பதிவை எடுத்து வந்து எங்களிடமே காட்டுங்கள்.

ஏ.எல். பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்பி விடுங்கள்.