அடுத்த வீட்டுக் கஞ்சா

அந்தி சாய்ந்ததும் அடுத்த வீட்டு மாடிப்படியில் முன்பின் அறியாத இளைஞர்கள் குழுமுவதையும், சிறு பொட்டலங்கள் கைமாறுவதையும், நள்ளிரவில் எழும் வசைமொழிகளையும் கண்டும் கேட்டும், ‘நமக்கேன் வம்பு’ என்று கதவைத் தாழிட்டுக்கொள்ளும் கிருகஸ்தரைக் கோழை என்று ஏச எனக்கு மனம் வரவில்லை. அவர் பெண் அதே படி வழியாகத்தானே டியூஷனுக்குப் போய்வர வேண்டும்! ஆயினும், சண்டை அல்லது மௌனம் என்ற இரண்டைத் தவிர வேறு மார்க்கமில்லை என்பது பிரமை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், தகவல் தந்தவர் யாரென்று சொல்லும்படி அதிகாரியை நிர்ப்பந்திக்கலாகாது என 68ஆம் பிரிவில் விதிக்கிறது. தெரிந்தே இடங்கொடுத்த வீட்டுக்காரரையும் 25ஆம் பிரிவு தண்டிக்கிறது (வாடகையையே தியானிப்பவர்கள் கவனிப்பார்களாக). நாள், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தமிழ்நாட்டு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 என்ற எண்ணுக்குத் தயங்காமல் தெரிவியுங்கள்.