எண்ணூர்க் கழியும் நுண்ணுயிரும்

கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழியை நம்மிற் பலர் கும்மிடிப்பூண்டி இரயிலின் சாளரத்தின் வழியாகவே அறிவர். இறாலும் நண்டும் மடவையும் தந்து பல குப்பங்களை ஊட்டிய நீர்நிலை அது. அங்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் ஆண்டுக்கணக்காய்க் கசிந்து படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கிற்று. எண்ணெயைக் கண் காணும். சாம்பலோடு வரும் காரீயமும் காட்மியமுமோ கண்ணுக்குப் புலனாகா.

இவ்வுலோகங்களைப் பற்றுதற்கு நுண்ணுயிரை ஏவலாமென விஞ்ஞானிகள் ஓர் உபாயம் கண்டுள்ளனர். பாக்டீரியாவின் மேற்புறத்தில் இயல்பாகவே சில புரதங்கள் அமைந்துள. அவற்றுள் ஒன்றன் மரபணுவோடு வேற்றுயிரின் புரதத்திற்குரிய மரபணுவை இணைத்துவிட்டால், அயற்புரதமும் அதனொடு ஒட்டிப் புறத்தே வந்து நிற்கும். வலையைத் தோணிக்குள் சுருட்டி வைத்தால் மீன் படுமோ? வெளியே வீசினாலன்றோ படும்! 1986 முதல் ஆராயப்பட்டுவரும் இம்முறையைக் கொண்டு, ஸ்பெயின் நாட்டு அறிஞர் சுண்டெலியின் உலோகம்பற்றும் புரதத்தை மண்வாழ் பாக்டீரியா ஒன்றன்மேல் நிறுத்தினர். காட்மியம் கலந்த மண்ணில் அதனை இட்டபோது, புகையிலை இனச் செடிக்கு நேர்ந்த தீங்கு குறைந்ததென 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நிற்க. இவ்வித்தையை எண்ணூரில் ஏவலாமோவெனின், ஏவலாம். ஆனால் கழியில் அன்று என்பதே நம் கருத்து. என்னை? உலோகம் அழிவதன்று, இடம் மாறுவதே. கழியில் விட்ட நுண்ணுயிர் தான் பற்றிய காரீயத்தோடு சேற்றிற் கிடக்கும். அதனைப் புழு உண்ணும். புழுவை இறால் உண்ணும். இறாலை நாம் உண்போம். அன்றியும், உயிராதலின் அது பெருகக்கூடும். விட்டபின் திரும்ப அழைத்தல் அரிது. இதுபற்றியே நம் நாட்டின் 1989 ஆம் ஆண்டு விதிகள், மரபு மாற்றிய உயிரை அரசின் இசைவின்றி வெளியில் விடலாகாதென விலக்குகின்றன. ஆகவே, ஆலையின் கழிவுநீர் வெளிவருமுன் மூடிய தொட்டியில் அதனைப் பணிகொள்வதும், உலோகம் பற்றிய உயிரணுக்களை ஒருங்கே திரட்டி அகற்றுவதுமே தக்கன.

"நஞ்சைப் பற்றும் உயிர் உண்டெனின் கழிவை விடுவதிற் குற்றமென்னை?" என்பாரும் உளராவர். அது மருத்துவர் அருகிருக்கிறாரென்று நஞ்சுண்பதை ஒக்கும்.

நண்பர்காள், விஞ்ஞானம் பயில்வோர் அத்தொட்டியை அமைக்க முயல்க. ஆலைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் அதனை வேண்டிப் பெறுக. தமிழ் பயிலும் நமக்கும் ஒரு கடமை உண்டு: இதனைக் குப்பத்து மக்கள் உணரும் தமிழில் எடுத்துரைப்பதே அது. தம் நீரில் எது விடப்படுகிறதென்று அறியாதார் தரும் இசைவு இசைவாகாது.