அரக்கா, கொறடா?

பழைய பேனாவைச் சரிபண்ண ஆளே இல்லைன்னு புலம்புற மக்களே, ஒண்ணு கேக்கறேன். ஆள் கிடைச்சா கேட்ட கூலியைக் கொடுப்பீங்களா?

1941-ல் வந்த பார்க்கர் 51-ஐயே எடுத்துக்குங்க. நிப்பை மூடியிருக்கும் கூடு அரக்கால ஒட்டியிருக்கும். இதமா சூடு காட்டினா இளகிக் கழண்டு வரும். விவரம் தெரியாதவர் கொறடு போட்டுத் திருகுவார்; கூடு விரிசல் விடும். அதுக்கு மேல சூப்பர் க்ளூ வேற! அப்புறம் யாராலயும் சுளுவா கழட்ட முடியாது.

பொறுமையா செய்ய நேரமாகும்ங்க. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பேனா வாங்குற நாம, கூலியில மட்டும் அம்பது ரூபா குறைக்கச் சொல்றோம். பிறகு எந்தப் பையன் இந்தத் தொழிலுக்கு வருவான்?

கொடுக்கறதுக்கு முன்னாடி, "எதை வச்சு ஒட்டுவீங்க?"ன்னு கேளுங்க. அரக்குன்னு சொன்னா, பேரம் பேசாம கொடுங்க சாமி :-)