விலக்கு நாளும் மாத்திரைக் கணக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் தென்காசி மருந்துக் கடைகளில் ஒரு மாத்திரை தணிந்த குரலில் கேட்கப்படும்: நோரெதிஸ்டிரோன். குற்றாலத்துச் சித்திர சபையில் திருவாதிரை காண வேண்டும். வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். அந்நாளில் ‘தூரம்’ வந்துவிடலாகாது. மாணவியர் சொல்லித்தான் நாமே இதனை அறிந்தோம்.

விலக்கு பழையதுதான். புறநானூற்றின் 299ஆம் பாடலில், போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளுக்கு முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாத மகளிரை உவமையாக்குகிறார் பொன்முடியார். தொல்காப்பியக் கற்பியலோ, பூப்புத் தோன்றிய பன்னிரு நாளும் தலைவன், பரத்தையிற் பிரிந்தவனாயினும், தலைவியை நீங்கி உறைதல் கூடாது என்கிறது. ஒன்று விலக்குகிறது, மற்றொன்று அருகழைக்கிறது. இரண்டிலும் நாளைக் குறிப்பது உடல். இன்று அந்தக் குறிப்பை மாத்திரை எழுதுகிறது.

மலைக்கு அப்பால் கொச்சியில் 1568இல் பரதேசி ஜெபாலயம் எழுப்பிய யூதர்களின் மரபை இங்கு ஒப்பிடலாம். அவர்கள் சட்டத்தில் விலக்கு, கணவன் மனைவிக்கு இடையிலானது. குருதி நின்றபின் ஏழு தூய நாள்களை எண்ணி, நீராடும்வரை இருவரும் தொடுவதில்லை. கருத்தடை மாத்திரை உண்பவளுக்கு இடையில் துளிக்கறை பட்டால் எண்ணிக்கை குலையக்கூடும். நம் அரசு வழங்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் உள்ளன. அந்த ஏழு நாளில் வருவது இயற்கையான மாதவிடாய் அன்று, ஹார்மோன் நின்றதால் வரும் கசிவே. அங்கோ அதுவும் விலக்காகவே எண்ணப்படும். எந்த மாத்திரை, எப்போது தொடங்குவது என்றெல்லாம் கேட்டுத் தெளிய, இதற்கெனப் பயின்ற பெண் ஆலோசகர்கள் 1999 முதல் இஸ்ரேலில் உள்ளனர்.

அச்சட்டத்தை நாம் போற்றவில்லை, கடுமையானதுதான். ஆனால் அங்கே கேள்விக்கு இடமுண்டு. நம் வீடுகளிலோ விதி உண்டு, பேச்சில்லை. “மாத்திரை போட்டுக்கோ” என்பதோடு தாயின் உபதேசம் முடிகிறது. நாளொன்றுக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும் என்பதும், இரத்தக்கட்டு வந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வருகிறது, சிலருக்கு மிகுதியாகவே.

தீட்டு என்று நம்புகிறவர் விலகி நிற்கட்டும். அது அவர் உரிமை. பிறர் திருவாதிரைக்காக ஒருத்தி ஏன் தன் உடலின் கணக்கை மாற்ற வேண்டும்? இதைக் கேட்டபோது மாணவி ஒருத்தி சிரித்தாள். “மாத்திரை போடலேன்னா, ஆச்சி அடுக்களைக்குள்ளகூட விட மாட்டா, சார்.”